கேட் மூடியிருக்கும் நேரம் தவிர

அந்த மாநிலத்தில் சட்டம் எழுத வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பேனா, தாள் செருகிய ஓர் எழுத்து அட்டை, பதினேழாயிரம் கையெழுத்து. இவ்வளவு இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு சட்டத்தை எழுதி வாக்குச்சீட்டில் ஏற்றிவிடலாம். பாதிப் பேருக்கு மேல் 'ஆம்' கட்டத்தைக் கறுப்பாக்கினால் முடிந்தது. ஜனங்களுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. பக்கத்து மாநிலத்துச் சம்பந்திகளிடம் இதைச் சொல்லிக் காட்டாமல் அங்கே ஒரு கல்யாண விருந்து முடிந்ததில்லை. அப்படி வந்த சட்டங்களை எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் எந்தச் சம்பந்தியும் கேட்டதில்லை.

கார்வின் ஹாக்லண்ட் எழுதிய சட்டம் ஒரே பக்கம்தான். நான்கு பிரிவுகள். அவன் டெல்வின் உயர்நிலைப் பள்ளியில் இலக்கண வாத்தியார். பதினோராம் வகுப்புக்கு எதிர்மறை வாக்கியங்கள் நடத்துபவன். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு மாநிலத்தின் எல்லாச் செய்தித்தாள்களும் வைத்துக்கொண்டன.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேட்.

டெல்வினுக்கு வடக்கே இரண்டு மைலில் ஜல்லி ரோடு ஒன்று தண்டவாளத்தைக் கடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் அக்டோபர் காலையில் அவன் மனைவி ஜெனெல் அந்த வழியாக வேலைக்குப் போனாள். தண்டவாளத்தின் கிளைப் பாதையில் சோளம் ஏற்றும் சரக்கு ரயில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றுக்குப் பின்னால் வந்த ரயிலை அவள் பார்க்கவில்லை. கேட் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை. பெருக்கல் குறி போட்ட பலகை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவளுக்கு இருபத்தெட்டு வயது.

கார்வின் அழுததாக யாரும் பார்க்கவில்லை. நான்காம் நாள் பள்ளிக்கூடம் போனான். ஒரு மாதம் கழித்து அந்தத் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் டால்க்விஸ்ட்டைப் போய்ப் பார்த்தான்.

டால்க்விஸ்ட் நல்ல மனிதர். ஜெனெலின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர், அடக்கத்துக்கும் வந்தவர். ஒரே ஓர் இடத்துக்கென்று தனிச் சட்டம் போட அரசியல் சாசனம் விடாது என்று வருத்தத்தோடு விளக்கினார். அப்படியானால் எல்லா இடத்துக்கும் போடுங்கள் என்றான் கார்வின். மாநிலத்தில் கேட் இல்லாத கிராசிங்குகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. எண்ணிக்கையைக் கேட்டதும் டால்க்விஸ்ட்டின் வருத்தம் இன்னும் கூடியது. ஒன்று கேட்டால் போதாது, எல்லாம் கேட்டால் தாங்காது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கேட்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

இருந்தாலும் மூன்று குளிர்காலம் மூன்று மசோதா கொண்டுவந்தார். அந்தச் சபை வருஷத்துக்கு நாற்பது நாள்தான் கூடும். பிடிக்காத மசோதாவை அங்கே யாரும் தோற்கடிப்பதில்லை, அது மரியாதையில்லை. நாற்பத்தோராம் நாளுக்கு ஒத்திவைப்பார்கள். முதல் வருஷம் ஒத்திவைப்பு என்ற சொல்லைக் கேட்டு, கார்வின் அந்த நாளுக்குப் பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். அப்படி ஒரு நாள் காலண்டரில் இல்லை என்று அலுவலக எழுத்தர் எடுத்துச் சொன்னாள். நயமாகத்தான் சொன்னாள்.

மூன்றாவது தடவையும் நாற்பத்தோராம் நாள் என்றானதும் மாமியார் லவான் ஷாட்ஸ் கிளம்பினாள். லவானுக்கு அறுபத்து மூன்று வயது. மாதா கோவில் சமையலறையை முப்பது வருஷமாக ஆண்டவள். இருநூறு பேருக்குக் காபி போடத் தெரிந்த தனக்குச் சட்டம் போடத் தெரியாதா என்று கேட்டாள். அது நியாயமான கேள்வியாகத்தான் அன்றைக்குப் பட்டது.

எழுதும் வேலை மாப்பிள்ளைக்கு. ஒரு வாரத்தில் எழுதிவிட்டான். முதல் பிரிவு: எல்லா ரயில் கிராசிங்குகளிலும் கேட் போட வேண்டும். இரண்டாம் பிரிவு: ரயில் வருவதற்கு முப்பது நொடி முன்பாக கேட் மூடியிருக்க வேண்டும். மூன்றாம் பிரிவு: கேட் திறந்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் எந்த வாகனமும் தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது. நான்காம் பிரிவு: மீறினால் அபராதம். ஒரு குறையும் இல்லை.

வரைவைத் தலைநகரில் ஓர் அலுவலகம் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அங்கிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்தது. பதினாலு குறிப்புகள். பன்னிரண்டு, காற்புள்ளிகளைப் பற்றி. ஒன்று, ஓரத்தில் விடவேண்டிய இடத்தைப் பற்றி. கடைசிக் குறிப்பு: இரண்டாம் பிரிவில் 'மூடியிருக்க' என்றும் மூன்றாம் பிரிவில் 'திறந்திருக்கும்' என்றும் இருக்கிறது, சட்டம் முழுவதும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது நல்லது.

ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பது கார்வின் தன் மாணவர்களிடம் நூறு முறை சொன்னதுதான். மூன்றாம் பிரிவில் 'திறந்திருக்கும்' என்பதை அடித்துவிட்டு 'மூடியிருக்கும்' என்று போட்டான். 'தவிர' என்ற சொல்லைத் தொடவில்லை. அதைப் பற்றிக் கடிதத்தில் குறிப்பு இல்லை.

ஒப்புதல் முத்திரை விழுந்தது. அதன் பிறகு ஓர் எழுத்துக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் வாங்கிய கையெழுத்து அத்தனையும் செல்லாது.

கையெழுத்து வேட்டை அக்டோபரில் தொடங்கி மே மாதம் வரை நடந்தது. மளிகைக் கடை வாசல், கூடைப்பந்து ஆட்டம், வான்கோழித் திருவிழா, தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. லவான் மாதா கோவில் பெண்களை ஊர் ஊராக அனுப்பினாள். எங்கே அடுப்பு புகைந்ததோ அங்கே ஓர் எழுத்து அட்டை போய் நின்றது.

ஜனங்கள் கையெழுத்துப் போட்ட விதத்தைப் பார்த்தால் யாருக்கும் ஜனநாயகத்தின் மேல் பாசம் வரும். ஒருவர் ரயில் கம்பெனி தன் தாத்தாவின் நிலத்தை எடுத்துக்கொண்டது என்று போட்டார். ஒருவர் இது துப்பாக்கியைப் பற்றியதில்லையே என்று உறுதி செய்துகொண்டு போட்டார். ஒரு பெண்மணி, பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார் என்பதற்காகப் போட்டாள். தாளின் மேல் பாதியில் சட்டத்தின் முழு வாசகமும் பொடி எழுத்தில் அச்சாகி இருந்தது. பெரும்பாலோர் எழுதும்போது இடது கையை ஊன்றிக்கொண்டது அதன் மேல்தான்.

இதையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகச் சபையில் ஒருத்தரும் கேட்காத கதையை அந்த எட்டு மாதத்தில் பத்தொன்பதாயிரம் பேர் நின்று கேட்டார்கள். சிலர் தங்கள் வீட்டுப் பக்கத்து கிராசிங்கைப் பற்றிச் சொன்னார்கள், அங்கே யார் போனார்கள், எந்த வருஷம் என்று. ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கார்வின் தலையாட்டினான்.

கையெழுத்து வாங்கியவர், தன் கண் முன்னால்தான் ஒவ்வொருவரும் போட்டார் என்று சத்தியம் செய்ய வேண்டும். தாளுக்குத் தாள் நோட்டரி முத்திரை வேண்டும். டெல்வின் வங்கியில் அந்த வேலை வெர்னா ஹைசிங்காவுக்கு. கார்வினின் தாள்கள் எல்லாம் எட்டு மாதமாக அவள் மேஜைக்குத்தான் வந்தன. மே மாதம், கையெழுத்து வாங்கும் கடைசி நாள், கடைசித் தாளில் முத்திரை வைத்துவிட்டு அவள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"மூணாம் பிரிவுல, கேட் மூடியிருக்கும்போது மட்டும்தான் வண்டி போகணும்னு போட்டிருக்கீங்களே. அது எதுக்கு?"

அப்படியில்லையே என்றான் கார்வின். அவள் தாளைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். அவன் படித்தான். மறுபடி படித்தான். வகுப்பில் செய்வது போல வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தான். எப்படிப் பிரித்தாலும் ரயில் வரும்போது போகச் சொன்னது, வராதபோது நிற்கச் சொன்னது.

"இத எப்பப் பாத்தீங்க?"

"முதத் தாள்லயே பாத்தேன் சார்."

"எட்டு மாசமா ஏங்க சொல்லல?"

"கையெழுத்து உங்களோடதான்னு பாக்குறதுதான் என் வேல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கக் கூடாதுன்னு எங்களுக்குப் பாடமே எடுத்திருக்காங்க." அவள் முத்திரையை டப்பாவில் வைத்து மூடினாள். "இன்னிக்குக் கடைசி நாளா, மனசு கேக்கல."

லவானின் சமையலறையில் தாள்கள் ஊர்வாரியாக அடுக்கிக் கட்டித் தயாராக இருந்தன. கார்வின் விஷயத்தைச் சொன்னான். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, மூன்றாம் பிரிவை உதடு அசையப் படித்தாள். இந்த நவம்பர் தேர்தலை விட்டால் அடுத்ததற்கு இன்னும் இரண்டு வருஷம். திருத்தினால் எல்லாம் முதலிலிருந்து.

"எத்தன பேர் போட்டிருக்காங்க?"

"பத்தொம்பதாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"அத்தன பேரும் படிச்சிட்டுத்தான மாப்ள போட்டாங்க."

"ஒருத்தரும் படிக்கல அத்தை."

"அப்ப ஒருத்தரும் கண்டுபிடிக்கவும் மாட்டாங்க."

இந்தத் தர்க்கத்தில் இலக்கண வாத்தியாருக்கு ஓட்டை தெரியவில்லை. வாக்காளர்கள் நிறைவேற்றியதைச் சபை ஜனவரியில் சாதாரண மசோதா போட்டுத் திருத்தலாம். அதற்கும் விதி இருக்கிறது. கேட் போடும் சட்டம் முதலில் வரட்டும், ஒரு சொல்லை அப்புறம் பார்க்கலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். மறுநாள் தலைநகருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய்த் தாள் கட்டுகள் வைத்த பெட்டிகளை ஒப்படைத்தான். ரசீது கொடுத்த பெண் வாழ்த்துச் சொன்னாள்.

அவன் பயந்தது ரயில் கம்பெனியைப் பற்றித்தான். கம்பெனிக்குப் பதினொரு வக்கீல்கள். அவர்கள் படிப்பார்கள், முதல் நாளே டிவியில் போட்டுக் கிழிப்பார்கள் என்று ஜூன் முழுவதும் காத்திருந்தான். கம்பெனி முதல் பிரிவைப் படித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்ற இடத்திலேயே அவர்களுக்கு மயக்கம் வந்துவிட்டது போலும். மூன்றாம் பிரிவு வரை யாரும் வந்து சேரவில்லை. டிவி விளம்பரத்தில் ஒரு விவசாயி வயல் நடுவில் நின்றுகொண்டு, கேட் வந்தால் அறுவடை நின்றுவிடும், ரொட்டி விலை ஏறிவிடும் என்றார். அவருடைய தொப்பியில் வியர்வைக் கறையே இல்லை. அந்தத் தொப்பி ஒன்றே தங்களுக்கு நாலாயிரம் ஓட்டு வாங்கித் தந்தது என்பது லவானின் கணக்கு.

அரசாங்கம் வீடுதோறும் அனுப்பிய விளக்கப் புத்தகத்தில் மூன்றாம் பிரிவு எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தது. அதன் கீழே அரசு வக்கீலின் விளக்கம்: 'ஆம்' என்று வாக்களித்தால் இந்தச் சட்டம் வரும், 'இல்லை' என்று வாக்களித்தால் வராது. இதைச் சொல்ல அவருக்கு ஒரு முழுப் பக்கம் பிடித்திருந்தது. டால்க்விஸ்ட் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசும்போது, இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் தான் எடைபோட்டுப் பார்த்ததாகவும், நோக்கம் நல்லதே என்றாலும் சட்டம் எழுதுவதைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். கார்வின் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். முகம் தரையைப் பார்த்தே இருந்தது. சோகத்தில் இருக்கிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

நவம்பரில் ஐம்பத்தேழு சதவீதம் 'ஆம்'. முடிவை அறிவித்த அன்றே சட்டம் அமலுக்கு வந்தது. அறிவித்த ஒன்பதாம் நாள் மூன்றாம் பிரிவை ஓர் ஆள் படித்தார். பள்ளி பஸ்களுக்கு இன்சூரன்ஸ் போடும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர். மாநிலத்தில் ஏற்கெனவே கேட் உள்ள கிராசிங்குகள் முந்நூறு. கேட் திறந்திருக்கும்போது அவற்றைக் கடக்கும் எந்தப் பள்ளி பஸ்ஸுக்கும் தங்கள் கம்பெனி பொறுப்பில்லை என்று அவர் எழுதினார். மூடியிருக்கும்போது கடந்தால் சட்டப்படி பொறுப்பு உண்டு, ஆனால் அதை ஊக்குவிக்க விரும்பவில்லை என்றும் சேர்த்திருந்தார்.

டிசம்பர் குளிரில் பஸ்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றன. பிள்ளைகள் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தை நடந்து கடந்து, அந்தப் பக்கம் நின்ற இன்னொரு பஸ்ஸில் ஏறினார்கள். நடப்பவர்களைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஷெரீஃபுகள் யாரையும் பிடிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். மூடிய கேட்டைச் சுற்றிக்கொண்டு போன ஒரு லாரிக்காரரை ஒரு போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் பிடித்துவிட, நீதிபதி சட்டத்தைப் படித்துப் பார்த்து, இந்த ஊரில் ஒழுங்காகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்.

இனிமேல்தான் வேடிக்கை. சட்டம் தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. படிக்காமல் ஓட்டுப் போட்டேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. டெல்வின் காபிக் கடையில் காலை ஆறு மணிக்குக் கூடும் எட்டுப் பேரும் தெரிந்துதான் போட்டோம் என்றார்கள். அவர்களில் ஒருவர், ஐரோப்பாவில் இப்படித்தான் என்றார். இன்னொருவர், மூடிய கேட்டைக் கண்டால்தான் மனிதனுக்கு எச்சரிக்கை வரும், அந்த எச்சரிக்கையோடு கடப்பதுதான் பாதுகாப்பு என்று நிறுவினார். லவான் ரேடியோவுக்குப் போனாள். ஜனங்கள் சொன்னது சொன்னதுதான், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லும் தைரியம் எந்தச் சபை உறுப்பினருக்காவது இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு வந்து பேசட்டும் என்றாள். ஒருவரும் வரவில்லை. ரயில் கம்பெனியும் வாயைத் திறக்கவில்லை. பதினொரு வக்கீல்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அங்கேயும் இருந்தது.

கார்வின் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தான். லவானின் யோசனை அவனுக்கும் புரிந்தது. அந்தத் தப்பான சொல் இருக்கும் வரைதான் தங்கள் இருவர் பேச்சுக்கும் மதிப்பு. சபையின் கழுத்தைப் பிடிக்கும் கை அது ஒன்றுதான். விட்டால் கேட் விஷயம் பழையபடி நாற்பத்தோராம் நாளுக்குப் போய்விடும்.

ஜனவரி முதல் வாரத்தில் அந்த வீடியோ வந்தது. மாநிலத்தின் மறுகோடியில் ஒரு வாலிபன், சட்டத்தை மதிக்கிறேன் பாருங்கடா என்று சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டு, இறங்கிக்கொண்டிருந்த கேட்டுக்கு அடியில் பிக்கப் வண்டியை விட்டான். கேட் கம்பு வண்டியின் கூரையை உரசிக்கொண்டு ஒடிந்தது. இன்ஜின் இரண்டு நொடி கழித்து வந்தது. வாலிபன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். கார்வின் நாலு தடவை பார்த்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவினான். கழுவியதையே மறுபடி கழுவினான்.

டால்க்விஸ்ட் அன்று மாலையே கூப்பிட்டார். சபை கூடிவிட்டது, இரண்டே நாளில் திருத்தம் தயார் என்றார். மூன்று வருஷம் நகராத சபை இரண்டு நாளில் நகர்ந்ததை கார்வின் குறித்துக்கொண்டான்.

"ஒரு உதவி பண்ணணும் தம்பி. தப்புன்னு நாங்க சொன்னா ஜனங்கள முட்டாள்னு சொன்ன மாதிரி ஆயிடும். எழுதினவன் நீ. நீ வந்து சொல்லிடு."

"திருத்தத்துல என்ன மாறும்?"

"மூணாம் பிரிவுல ஒரே ஒரு சொல்லு. 'மூடியிருக்கும்' போய் 'திறந்திருக்கும்' வரும். அவ்வளவுதான். சத்தியமா சொல்றேன்."

லவானிடம் சொன்னபோது அவள் போகக் கூடாது என்றாள். ஜெனெலுக்காக என்றாள். கார்வின் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டு வைத்தான். காலையில் கார் கிளம்பும்போது அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

மசோதாவை விசாரிக்கும் சபைக் குழுவின் முன்னால் அவனுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவில் உள்ளது தன் பிழை, சொல்லை மாற்றும்போது வாக்கியத்தை முழுக்கப் படிக்கவில்லை என்றான். உட்காரப் போனவனை ஓர் உறுப்பினர் நிறுத்தி, பிழை எப்போது தெரியவந்தது என்று கேட்டார். டிசம்பர் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"மே மாசம்," என்றான் கார்வின். "பெட்டிய ஒப்படைக்கிறதுக்கு முந்தின நாள்."

அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது. மாநிலம் முழுக்கவும் மதியத்துக்குள் பரவிவிட்டது. ஐம்பத்தேழு சதவீதம் பேரும் முட்டாள்கள் இல்லை, ஏமாற்றப்பட்டவர்கள். தெரிந்துதான் போட்டேன் என்ற எட்டுப் பேரும், வாத்தியார் இப்படிச் செய்வான் என்று யார் கண்டது என்று அடுத்த காபியை ஊற்றிக்கொண்டார்கள். ரயில் கம்பெனியும் ஏமாற்றப்பட்டது. சரிபார்த்த அலுவலகமும்தான். எல்லாருடைய மானமும் ஒரே நாளில் காப்பாற்றப்பட்டது.

இடைவேளையில் டால்க்விஸ்ட் மசோதாவின் பிரதியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கார்வின் முதல் சொல்லிலிருந்து படித்தான். மூன்றாம் பிரிவில் சொன்னபடி ஒரே சொல்தான் மாறியிருந்தது. முதல் பிரிவில் 'எல்லா ரயில் கிராசிங்குகளிலும்' என்ற இடத்தில் வேறு வாசகம் இருந்தது: ஜல்லி ரோட்டில் அமைந்ததும், கிழக்கே கிளைப் பாதை உள்ளதும், எழுநூறுக்கு மேல் எழுநூற்றைம்பதுக்குள் ஜனத்தொகை கொண்ட ஊரிலிருந்து மூன்று மைலுக்குள் இருப்பதுமான கிராசிங்குகள் அனைத்திலும்.

டெல்வினின் ஜனத்தொகை எழுநூற்றுப் பதினெட்டு.

"ஒரே ஒரு சொல்லுன்னீங்க."

"மூணாம் பிரிவுல ஒரு சொல்லுதான தம்பி மாத்தியிருக்கோம். முதல் பிரிவு வேற." டால்க்விஸ்ட் குரலைத் தாழ்த்தினார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "நீ முதல்ல எங்கிட்ட கேட்டது ஒரு கேட்டுதான். அனைத்திலும்னு பொதுவாத்தான் எழுதியிருக்கு, சாசனத்துல இடிக்காது. நீ எந்திரிச்சு எதிர்த்தா ரேடியோல வரும், எல்லாம் நின்னுடும், அந்தச் சொல்லும் அப்படியே நிக்கும். எதுவும் பேச வேணாம். உக்காந்திருந்தா போதும்."

கார்வின் அந்தப் பிரிவை மறுபடி படித்தான். தொழில் தெரிந்தவர்கள் எழுதியது. ஒரு காற்புள்ளி பிசகவில்லை. ஒருமை பன்மை சரி. மாநிலத்தில் ஒரே ஓர் இடத்துக்குப் பொருந்தும் வாக்கியத்தில் 'அனைத்திலும்' என்ற சொல் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தான்.

குழு மறுபடி கூடியது. எதிர்ப்பவர் யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். கார்வின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிக்கப் வண்டியின் கூரையில் கம்பு உரசிய சத்தம் காதில் இருந்தது. ஜல்லி ரோடும் சோள வண்டிகளும் கண்ணில் இருந்தன. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் இழுத்தன. அவன் எழுந்திருக்கவில்லை. லவான் பாதி எழுந்து அவனைப் பார்த்தாள். பிறகு கோட்டைச் சரிசெய்பவள் போல உட்கார்ந்துவிட்டாள். குழுவின் பன்னிரண்டு பேரும் 'ஆம்' என்றார்கள். சபையும் அவசரச் சட்டம் என்று அறிவித்து நிறைவேற்ற, அன்று மாலையே கவர்னர் கையெழுத்தும் ஆனது. பிள்ளைகள் திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸிலேயே தண்டவாளத்தைக் கடப்பார்கள். டெல்வினுக்கு வடக்கே கேட் போடும் வேலை பனி உருகியதும் தொடங்கும்.

திரும்பும் வழியில் நாற்பது மைல் வரை லவான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்ட அந்த ஆள் எந்த ஊர் என்று கேட்டாள். ஊர் நினைவில்லை என்றான் கார்வின்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் முதல் கிராசிங் வந்தது. பெருக்கல் குறி போட்ட பலகை. இரண்டு பக்கமும் பனி, ஆள் உயரத்துக்கு ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். இந்தச் சாலையில் ஊர் வரை பதினொன்று இப்படி இருந்தன.

"நிறுத்து," என்றாள் லவான்.

அவள் இறங்கி, வழுக்காமல் இருக்கக் கைகளை விரித்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போனாள். பனிக் குவியலைத் தாண்டி நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம். காற்று அவள் கோட்டைப் பிடித்து இழுத்தது. பிறகு கையை உயர்த்தி அவனை அழைத்தாள்.

"ஒண்ணும் வரல மாப்ள. வா."

கார்வின் மெதுவாகக் கடந்து அந்தப் பக்கம் போய் நிறுத்தினான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பூட்ஸிலிருந்து பனி உருகிக் காரின் காலடி விரிப்பை நனைத்தது. சீட் பெல்ட் போடட்டும் என்று அவன் காத்திருந்தான்.

"வேணாம்," என்றாள். "இன்னும் பத்து இருக்கு, திரும்பத் திரும்ப அவுக்கணும்."